தீவுக்காரர்கள் கடப்பாரை எடுத்த நாள்

கொரட்டூர் ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் நான்கு தெருக்களுக்குத் தீவு என்று பெயர் வைத்தது பஸ் கண்டக்டர்கள்தான். ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கால்வாய் வழிந்தால் எங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றுவிடும். நான்கு லாரி டியூப்களைக் கட்டி, மேலே ஒரு பழைய கதவைப் போட்டு, அதில்தான் ஸ்டேஷன் ரோட்டுக்குப் போவோம். கரண்ட் வந்த வருஷம், ஏரிக்கரை உடைந்த வருஷம், மதில் இடித்த வருஷம். எங்கள் சரித்திரம் அவ்வளவுதான். மதிலை இடித்ததில் என் கையும் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் ஒருவர் கால்வாய் ஓரம் மனை வாங்கினார். கால்வாயையும் சேர்த்து மண் கொட்டி மூடி, மாடி வீடு கட்டி, சுற்றி மதில் எழுப்பினார். அந்த மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் எங்கள் தெருக்களைச் சுற்றி மார்பளவுக்கு ஏறியது. அவர் மதிலுக்குள் மட்டும் காய்ந்த தரை. அந்த வழியாகப் போனால் இரண்டு நிமிஷத்தில் ரோடு.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு நாள் காலையில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்ட். டியூப் அக்கரையில். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, அந்த மாடி வீட்டுக் கேட்டை உலுக்கினேன்.

"சார், கொழந்தைக்கு வலிப்பு சார். இப்படியே போயிட்றேன், தொறங்க."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு உனக்குத் தொறந்தா நாளைக்கு ஊரே என் ஊட்டு வழியாத்தான் போவும். அந்தப் பக்கமா போம்மா."

தண்ணீரில் இறங்கினேன். மகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, பள்ளம் எங்கே என்று காலால் தடவித் தடவி நடந்தேன். பிழைத்துக்கொண்டாள். சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். அவளுடைய இடது கை விரல்கள் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பிய மறுநாள் காலை, எஸ்டேட்டில் வேலை பார்க்கும் எங்கள் தெரு ஆட்கள் கடப்பாரையோடு மதில் முன்னால் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு வெல்டர் தன் கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.

"யக்கா, மொத குத்து நீ குத்து. அப்பால நாங்க பாத்துக்கிறோம்."

குத்தினேன். நாலைந்து கல் பெயர்ந்ததும் தண்ணீர் உள்ளே பீய்ச்சியடித்தது. மாடி வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "நிறுத்தும்மா! உள்ள கைக்கொழந்த கீது!"

"கொழந்தையையும் அதோட அம்மாவையும் வெளிய அனுப்பு" என்றேன்.

அவர் மனைவி அழுதபடி வந்தாள். என் வீட்டில் உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்தேன். குழந்தை நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. திரும்பிப் போய் மறுபடி கடப்பாரையை எடுத்தேன். மதில் சரிந்து, தண்ணீர் அவர் கூடத்தில் புகுந்து பின்வாசல் வழியே, அவர் மூடாமல் விட்ட மிச்சக் கால்வாய்க்கு ஓடியது. அவருடைய சோபா மிதந்ததை நின்று பார்த்தேன். போதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த கோடையில் வீட்டை விற்றுவிட்டுப் போனார். எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. மகள் ஒன்பதாவது போன பிறகும் அவளுக்கு நான்தான் இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிவிட்டேன். அந்த வீட்டையும் இடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கட்டுவேன்.

"யம்மா, இவ்ளோ இறுக்காதம்மா. வலிக்குது" என்பாள்.