சண்டை கொண்டுவந்த பிச்சாத்தி

மாமா புதிதாக ஒரு பிச்சாத்தி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எத்தனை மாதம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: பேச்சு நின்ற பிறகு பிறந்த என் தம்பி குப்புற விழுந்து, தலை தூக்கி, தவழவும் தொடங்கிவிட்டான். அவர்கள் இன்னும் முகம் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை.

அஞ்சுகிராமத்தில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுக்களை, இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. எங்கள் ஊர் மலையாளச் சர்க்காருக்குக் கீழே இருந்த காலம் அது. கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மதராஸ் ராஜ்யம் வந்துவிடும். அந்த எல்லையில்கூடப் போக்குவரத்து இருந்தது, எங்கள் வீட்டு நடையில்தான் இல்லை. நடையின் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்.

“தண்ணி காஞ்சாச்சுன்னு உங்க அப்பாகிட்டச் சொல்லு” என்பாள் அம்மா. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பார். “கேட்டாச்சுன்னு சொல்லு மக்கா” என்பார் அவர். நான் இரண்டையும் ஒழுங்காகச் சொல்வேன். சொல்லாவிட்டால் இரண்டு பேரிடமும் ஏச்சு விழும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று யார் கண்டுபிடித்துச் சொன்னார்களோ, அவர்கள் வீட்டிலும் என்னைப்போல ஒரு பெண் இருந்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் தொட்டிலில் கிடக்கும் தம்பியிடம் சொல்வார்களாம். உப்பு தீர்ந்துபோனதை அப்பாவுக்குச் சொல்லும் பொறுப்பு, பல் முளைக்காத அந்தப் பிள்ளைக்கு.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். பள்ளிக்கூடத்தில் சார்வாள் ‘மௌனம் கலகநாஸ்தி’ என்று எழுதிப்போட்டு, பேசாமல் இருந்தால் சண்டை இல்லை என்று விளக்கம் சொன்னார். அவர் எங்கள் வீட்டில் ஒருவேளை சோறு தின்று பார்த்திருந்தால் அதை அழித்திருப்பார்.

பக்கத்து வீட்டுச் சித்தி ஒருநாள் கிணற்றடியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “இப்பிடி ஊமைக்கோட்டானா இருக்கதுக்கு, ஒருநா நல்லா சண்டை போட்டுத் தீத்துட்டா சொகமாயிரும். சண்டை வரமாட்டேங்குல்லா, அதான் தொந்தரவு.” சித்திக்குத் தினமும் வீட்டில் சண்டை. அதனால் அவள் சொல்வதில் அனுபவம் இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். அம்மா பிறந்த திருவட்டாற்றில் வாழைக்குலை வியாபாரம். பேசினால் பாடுவதுபோல இருக்கும். எங்கள் தெருப்பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்கவே வந்து நிற்கும். மார்த்தாண்டம் சந்தையில் வாங்கின மடக்குக் கத்தி அவர் பையில் இருந்தது. எருமைக்கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளை. நாங்கள் கத்தி என்போம், அவர் பிச்சாத்தி என்பார். அவர் சொன்னால்தான் அது மேலும் கூராக இருப்பதுபோல எனக்குப் பட்டது.

வந்த நேரத்திலிருந்து மாமாவுக்கு அதைச் சோதிப்பதே வேலை. அலகிலிருக்கிற சின்னப் பள்ளத்தில் நகத்தை வைத்து, காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பைய இழுப்பார். பாதி வழியில் ஒரு முரண்டு பிடிக்கும். முழுக்கத் திறந்ததும் ‘டக்’ என்று பூட்டு விழும். அலகின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு அலகின் முதுகால் கதவு நிலையில் ஓங்கித் தட்டுவார். “பூட்டு ஏமாத்திச்சுன்னா விரலு போச்சு, கேட்டியா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிடியின் முதுகிலிருக்கிற பித்தளைப் பூட்டை அமுக்கி மடக்குவார். மடக்கியதும் மறுபடி முதலிலிருந்து. புதுக்கத்தி, இறுக்கமாக இருந்தது. கீல் இளகத் தேங்காய் எண்ணெய்கூட விட்டார், பலன் இல்லை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் கத்தரிக்கோலைச் சும்மா வெட்டினாலே கையில் அடிப்பவள். “ஏலே, வெறுங்கத்தியைத் திறந்து திறந்து மூடாத. வீட்டில சண்டை வரும்” என்றாள். மாமா சிரித்தார். அவள் இன்னொரு முறை, இந்த முறை கோபமாகவே சொன்னதும் கத்தியை மாடக்குழியில் வைத்துவிட்டார்.

என் காதில் அது விழுந்த விதம் வேறு. சண்டை வந்தால் சுகமாகிவிடும் என்று சித்தி சொல்கிறாள். கத்தியைத் திறந்து மூடினால் சண்டை வரும் என்று அம்மா சொல்கிறாள். ஊரில் இத்தனை பேர் இருந்தும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இருந்தாலும் உடனே துணிச்சல் வந்துவிடவில்லை. மறுநாள் மத்தியானம் மாமா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வந்தது. “நாளைக் காலத்த பஸ்சுக்கு நான் போவேன். இங்ஙன இருக்க முடியலேன்னா நீயும் வா அக்கா. பிள்ளையளையும் கூட்டிக்க. பின்ன உள்ளதைப் பின்ன பாக்கலாம்.” அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் போய்விட்டால் அப்பா யாரிடம் சொல்லி அனுப்புவார்?

மாமா குளத்துக்குக் குளிக்கப் போனார். நான் மாடக்குழியிலிருந்து கத்தியை எடுத்தேன். சண்டை இரண்டு பேருக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்று நடையின் நடுவில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அப்பா கடையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் அம்மா, நான் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி தூங்கினான்.

கத்தி திறப்பேனா என்றது. நகம் ஒடிந்தது. பாவாடை நுனியைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். டக். முழங்காலில் வைத்துப் பித்தளையை அமுக்கி மடக்கினேன். டக். மறுபடி திறந்தேன். மண்ணெண்ணெய் வாங்க ஒருவர் வந்து போனார். டக், டக். ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஊர்க் கத்திக்குத்தான் இந்தப் பலன், மேற்கத்திப் பிச்சாத்திக்கு இல்லையோ என்று சந்தேகமே வந்துவிட்டது. பெருவிரல் கன்றிச் சிவந்து எரிந்தது. கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு மறுபடி தொடங்கினேன்.

“ஏட்டி, பிள்ளை கையில கத்தி இருக்கு. பாத்துக்கிட்டா இருக்க?”

அப்பாவின் குரல். ஏட்டி என்றது என்னைத்தான் என்று நினைத்து நிமிர்ந்தேன். என்னையல்ல. எங்கள் பக்கம் ஏட்டி என்பது மகளுக்கும் பொது, மனைவிக்கும் பொது. இத்தனை மாதமாக அந்த வீட்டில் ஏட்டி நான் ஒருத்திதான். அம்மாவின் விரல் பருப்பில் அப்படியே நின்றுவிட்டது.

“உங்களுக்கும் கண்ணு இருக்குல்லா” என்றாள், என்னிடம் சொல்லாமல், நேராக.

“கையை அறுத்துக்கிட்டா என்ன செய்வ?”

“அறுத்தா எங்கிட்ட உடனே சொல்லுவியளா? இல்ல, விடிஞ்சபிறகு சொல்லுவியளா?”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அம்மாவின் அப்பா இறந்துபோன செய்தி ஒரு சாயங்காலம் கடைக்கு வந்ததாம். அம்மா அப்போது நிறைமாதம். அப்பா அன்று இரவு சொல்லவில்லை. மறுநாள் காலையில், உடம்பு சுகமில்லையாம் என்று சொல்லிக் கூட்டிப் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஈரத்தரை எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் அதற்கும் எங்கள் வீட்டு ஊமைத்தனத்துக்கும் தொடர்பு உண்டென்று அன்றுதான் கேள்விப்படுகிறேன்.

நிறைமாதக்காரியை ராத்திரியில் பஸ் மாற்றி மாற்றி எப்படிக் கொண்டுபோவேன், வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் என்ன செய்வேன் என்று அப்பா கத்தினார். நடந்தாவது போயிருப்பேன் என்று அம்மா கத்தினாள். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல். தம்பி எழுந்து அவனும் சேர்ந்துகொண்டான். அம்மா முறத்தைத் தூக்கி எறிந்ததில் பருப்பு நடையெங்கும் சிதறி என் மடியிலும் விழுந்தது.

“எங்க அப்பா முகத்தை ஒருக்கா பாத்திருப்பேன்லா” என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

“ஏன் சொல்லலைன்னு ஒருவார்த்தை கேட்டியாட்டி நீ. இத்தனை நாளா நீ அதைக் கேப்பன்னுதான் இருக்கேன்” என்றார் அப்பா. அவர் குரலும் சரியாக இல்லை.

அப்புறம் கத்தல் இல்லை. அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்தச் சாவுக்கு அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள். அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு நடைக்குள் வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் குந்திப் பருப்பை அள்ளத் தொடங்கினார். வெகுநேரம் அள்ளினார். “கல்லையும் சேத்து அள்ளாதிங்க” என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஈரத்துண்டோடு வந்த மாமா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையிலிருந்த கத்தியை வாங்கி, வழக்கம்போலக் காதருகே வைத்துத் திறந்தார். எண்ணெய்க்கு இளகாத கத்தி வெண்ணெய்போலத் திறந்தது. “கொள்ளாமே” என்று மெச்சிக்கொண்டு என்னைப் பார்த்தார். மறுநாள் காலை அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

அந்தக் கத்திக்குச் சக்தி உண்டென்று வெகுகாலம் நம்பினேன். நடந்ததற்கு நான் ஒருத்திதான் காரணம் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெருவிரல் எரிந்து நான் நிறுத்தினேன் இல்லையா, அப்போது அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கடைக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: “ஏன் மக்கா நிறுத்திட்ட?”

அம்மாவுக்கும் அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடி திறந்தேன்.