மச்சானுக்குப் பொருந்திய காபரேட்டர்

என் மனைவியின் காக்கா, அதாவது மூத்த சகோதரர், எனக்கு மச்சான். மருதமுனைக் கைத்தறியில் நெய்த, இடுப்பில் உடுத்தும் சாரங்களைச் சைக்கிளில் கட்டி வீடுவீடாக விற்பவர். முழங்கால் வலி கூடியதால் வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். மனம் கேட்காமல் அவருடைய சைக்கிளுக்கு ஒரு சின்ன எஞ்சின் பூட்டிக் கொடுத்தேன்.

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது காபரேட்டர். எஞ்சினோடு வந்ததன் துளை பதினான்கு மில்லிமீற்றர். சாரச் சுமைக்கு அது போதாதென்று, கல்முனையில் தேடிப் பத்தொன்பதில் ஒன்று வாங்கிப் போட்டேன். பிரதான வீதியில் நானே ஓட்டிப் பார்த்தேன். பறந்தது.

மறுநாள் மச்சான் வியர்க்க வியர்க்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஸலாம் சொல்ல மெதுவாக்கினா நிண்டிடுது மச்சான். இது எனக்குச் சரிவராது. நீங்களே வெச்சிக்கங்க."

என் முகம் சுருங்கியதைப் பார்த்து மனைவி சிரித்தாள்.

"காக்கா எப்ப வேகமாப் போனவரு? வாசலுக்கு வாசல் நிண்டு சுகம் கேட்டுத்தானே சாரம் விக்கிறவரு?"

அவள் சொன்னது சரி. பெரிய காபரேட்டர் வேகத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். மெல்லப் போகும்போது காற்றின் இழுவை குறைந்து சின்ன எஞ்சின் அணைந்துவிடும். நான் எஞ்சினையும் சுமையையும் கணக்கிட்டேன், ஓட்டுகிறவரைக் கணக்கில் எடுக்கவில்லை. பழையதையே திரும்பப் பூட்டினேன்.

பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்ட மச்சான், பொழுது சாய்ந்து நான் மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும்போதும் எங்கள் தெருவையே தாண்டியிருக்கவில்லை. ஒரு வாசலில் சாரத்தை விரித்துப் பிடித்தபடி யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எஞ்சின் அணையாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பெற்றோல் வீணாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.