கோரை என்று நான் சொன்ன பூக்கள்

பள்ளித் தோட்டத்துப் பூக்கிழங்குகளைப் பிடுங்கச் சொன்னவன் நான். ஒரு பெண் தெரியாமல் பிடுங்கிவிட்டாள் என்று சொன்னவனும் நானே. இரண்டையும் மூன்று நாளுக்குள், நல்ல கோட்டு அணிந்துகொண்டு செய்தேன்.

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணித் தூரத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில், சனிக்கிழமைகளில் அங்கே தமிழ் வகுப்பு நடத்தினோம். நான் அதன் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் தாவரவியல் படிப்பித்தவன். அதை ஒருவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வேன். மகளைப் பேசவைத்து அறையைக் கேட்டு வாங்கித் தந்தவள் அதே பள்ளியில் துப்புரவு வேலை செய்த ஒரு தாய். வாசல் பூட்டின் திறப்பும் அவளிடம்தான் இருந்தது. பள்ளியிலிருந்து அவள் வீடு ஐந்து நிமிட நடை. மகள் வீட்டுக்கு வரும் முன்னே தாய் வந்துவிடலாம். அந்த வேலையின் அருமை அதுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பெப்ரவரிக் கடைசியில் பனி கரைந்தது. பள்ளிக்கு நன்றி காட்டப் பெற்றோரெல்லாம் சேர்ந்து சிரமதானம் வைப்போம் என்றேன். முற்றத்தைக் கூட்டுவதைத் தவிர நன்றி சொல்ல வேறு வழி எங்களுக்குத் தெரியாது. ஜேர்மன் பிள்ளைகளின் தோட்டம் எங்கள் கண்ணுக்கு வெட்கக்கேடாய்க் கிடந்தது. இலையுதிர்காலச் சருகு அப்படியே இருந்தது. முள்ளெலிகள் உறங்குவதற்காக விட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. இலையில்லாத ஒரு புதரில் மஞ்சள் பூக்கதிர்கள் புழுப்போலத் தொங்கின. சருகுக்குள்ளிருந்து பச்சை நுனிகள் கொத்துக்கொத்தாய் எட்டிப் பார்த்தன. ஒவ்வொரு கொத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஐஸ்பழக் குச்சி, அதில் பனியில் ஊறிய ஏதோ கிறுக்கல். தின்றுவிட்டு எறிந்த குப்பை என்று பொறுக்கச் சொன்னேன். மண்ணில் அத்தனை நேராகக் குத்தி எறிவார்களா என்று யோசிக்கவில்லை.

பிறகு குனிந்து ஒரு நுனியை இழுத்தேன். மெல்லிய இலை, அடியில் சின்னக் கிழங்கு.

"கோரை" என்றேன்.

புகையிலைத் தோட்டங்களில் கோரையோடு மல்லுக்கட்டி வளர்ந்த தகப்பன்மாருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தாய் மட்டும் கிட்ட வந்தாள்.

"மாஸ்டர், இது கோரை மாதிரித் தெரியேல்லை. போன வருசம் இந்த இடத்திலை வெள்ளையாய்ப் பூத்தது. ஜன்னல் துடைக்கேக்கை கண்டனான்."

"பிள்ளை, நீர் ஜன்னலைப் பாரும். செடியை நான் பாக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். "மாஸ்டருக்கே பாடமோ அக்கா?" என்றான் மண்வெட்டியோடு நின்ற ஒருவன். மத்தியானத்துக்குள் அங்கே கோலம் போடலாம் போல ஆனது. ஒரு கிழங்கும் திரும்ப முளைத்துவிடக் கூடாதென்று, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பைக் கிடங்குக்கே அனுப்பிவைத்தேன். படித்தவன் அரைகுறையாய் ஒன்றும் செய்வதில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு முளையைத் தத்தெடுத்து, வசந்தத்தின் முதல் அடையாளம் என்று தினமும் அளந்து வந்தார்களாம். குச்சிகளில் இருந்தவை அவர்களுடைய பெயர்கள். காலையில் வெறும் மண்ணைப் பார்த்து அழுதார்களாம். யார் இதைச் செய்தது என்று கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியவன் நான்.

அவள் என்னிடம், "மாஸ்டர்தான் கோரையெண்டு நினைச்சுச் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ. தெரியாமல் நடந்ததுதானே, கோவிக்க மாட்டினம்" என்றாள்.

நான் ஜேர்மனில் சொன்னேன்: "மன்னிப்புக் கேட்கிறாள். களை என்று நினைத்துவிட்டாளாம். படிப்பறிவு குறைவு." வேற்றுமை உருபுகளில் ஒரு பிழையும் இல்லை.

தலைமை ஆசிரியை கையை நீட்டினார். அவள் திறப்பை மேசையில் வைத்தாள். அது அன்றே என் கைக்கு வந்தது.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "மாஸ்டர், எனக்கு டொச் பாஷை கதைக்கத்தான் ஏலாது. விளங்கும்."

மறுமாதம் துப்புரவுக் கம்பனி அவளை வேறு ஊரில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு மாற்றியது. இரண்டு பஸ். சனிக்கிழமை காலையிலும் வேலை. நடந்ததை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

இலையுதிர்காலம் வந்தபோது இருநூறு கிழங்கு வாங்கிப்போய் முழங்காலில் நின்று நட்டேன். பிறகு தலைமை ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. "ஒரு தாவரவியல் ஆசிரியர் இந்தத் தவறைச் செய்வாரா? அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பழியை நீங்கள் ஏற்கிறீர்கள். எவ்வளவு பெரிய மனது!" பள்ளிச் செய்திமடலில் மண்வாரியோடு என் படம் வந்தது.

அந்த மடலோடு அவள் வீட்டுக்குப் போனேன். தலைமை ஆசிரியையைச் சந்திக்க இன்னொரு ரெர்மின் எடுத்து இருவருமாய்ப் போய்ச் சொல்வோம் என்றேன்.

"வேண்டாம் மாஸ்டர். நீங்கள் மொழிபெயர்த்தால் முள்ளெலியையும் நான்தான் கொன்றனான் எண்டு முடியும். தமிழிலை சொல்லுங்கோ. சனிக்கிழமை, எல்லாற்றை முன்னாலையும்."

சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மண்வெட்டி பிடித்தவர்களெல்லாம் திங்கட்கிழமை தங்கள் பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. இந்த முறை அவர் நம்பினார். ஆனால் வேலையில் ஏற்கெனவே வேறொருத்தி இருந்தாள். கொடுக்க முடிந்தது சனிக்கிழமைத் திறப்பு மட்டுமே. என்னிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார்.

அடுத்த பெப்ரவரியில் நான் நட்டவை வெள்ளையாய்த் தலை குனிந்து பூத்தன. அவளுடைய இரண்டாவது பஸ் பிந்தி வரும் சனிக்கிழமைகளில், பூட்டிய படலைக்கு வெளியே நின்று கம்பி வேலிக்குள்ளால் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் மூச்சிரைக்க ஓடி வருவாள்.

"மாஸ்டர், வந்து கன நேரமோ?"

"இல்லைப் பிள்ளை, இப்பதான்."

அதுவும் பொய்தான். ஆனால் அதை அவளிடமே சொல்கிறேன்.