சாம்பல் நிற அண்ணன்

அண்ணன் செத்ததற்கு அவள் அழவில்லை. "நெஞ்சழுத்தக்காரி" என்று சொந்தக்காரர்கள் காதுபடவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு வேறு என்ன வேலை? உண்மையில் அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. தட்டில் போட்டால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். எல்லாம் முடிந்ததும் வேலைக்குப் போனாள்.

வேலை என்றால், சரக்குக் கிடங்கில் பெட்டி சுமக்கும் ரோபோ வண்டிகளைப் பழக்குவது. நிஜக் கிடங்கில் பழக்கினால் எவன் காலையாவது நசுக்கித் தொலைக்கும். அதனால் கம்ப்யூட்டருக்குள் அதே கிடங்கை அச்சு அசலாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் அவள் அதற்குள் நிற்பாள். எந்த வண்டி எந்த வழியாகப் போகவேண்டும், குறுக்கே ஆள் வந்தால் எங்கே நிற்கவேண்டும் என்று அங்கேயே சொல்லிக்கொடுப்பாள். அதில் தேறிய வண்டிதான் நிஜக் கிடங்கில் இறங்கும்.

குறுக்கே வர ஆள் வேண்டுமே! அதற்கு அண்ணனைப் பிடித்தார்கள். அவன் அதே கிடங்கில் சுமை இழுப்பவன். உடம்பெல்லாம் கருவி ஒட்டி நடக்கவைத்து, அந்த நடையை ஒரு சாம்பல் நிறப் பொம்மைக்குக் கொடுத்தார்கள். பொம்மைக்கு முகம் கிடையாது, நடை மட்டும் அவனேதான். சரியான வாயாடி அவன். பின்னால் வருகிறவனோடு அரட்டை அடிக்க வேண்டுமென்றே தள்ளுவண்டியைப் பின்பக்கமாக நடந்து இழுப்பான். கிடங்கில் அவனுக்குப் பெயரே 'ரிவர்ஸ்'. காய்ச்சல் என்று படுத்தவன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பொம்மை மட்டும் நடந்துகொண்டிருந்தது. யாரோ எவரோ என்பதுபோல் அதை வைத்தே அவள் வண்டிகளைப் பழக்கினாள்.

ஒருநாள் மேலாளர் வந்தார். "ரிவர்ஸை எடுத்துடும்மா. பின்னால நடக்கறதப் பாத்து வண்டிங்க குழம்பிப்போயி நின்னு நின்னு போகுது. நேரா நடக்கற பொம்மை ஒண்ணு வந்திருக்கு. உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆள விட்டுச் செய்யறேன்."

"நானே எடுத்துடறேன் சார்." நாற்காலியை நகர்த்தச் சொன்னதுபோலத்தான் இருந்தது அவளுக்கு.

அன்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அங்க நடக்கறானா? இத்தனை நாளா ஏன்டி சொல்லல? அழிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கண்ணுல காட்டுடி."

"முகமே இருக்காதும்மா."

"பெத்தவளுக்கு முகம் எதுக்குடி?"

மேலாளர் நல்ல மனுஷன், மறுக்கவில்லை. அம்மாவை அறை நடுவில் நிறுத்தி, ஹெட்செட்டை மாட்டிவிட்டு, அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். அம்மா இப்போது கிடங்குக்குள் இருந்தாள்.

"அம்மாடி, எவ்வளவு பெருசு! ஐயையோ, வண்டி வருதுடி, இடிக்கப்போகுது!"

"ஒண்ணும் பண்ணாதும்மா. ஆளப் பாத்தா நிக்கும். நாந்தான் பழக்கியிருக்கேன்."

வண்டி நின்றது. அடுத்ததும் நின்றது. "அட, மரியாதை தெரிஞ்ச வண்டி!" என்று அம்மா சிரித்தேவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அப்புறம் அலமாரிகளுக்கு நடுவிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மை வந்தது. அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வழியை மறித்து இரண்டு கைகளையும் விரித்தாள்.

அது வெறும் பதிவு. எதிரில் யார் நிற்கிறார்கள் என்று அதற்கு என்ன தெரியும்? அம்மாவின் கைகளுக்குள் வந்து, அவள் உடம்புக்குள்ளேயே புகுந்து, மறுபக்கம் போய்விட்டது.

அம்மா விரித்த கைகளோடு அப்படியே நின்றாள்.

"வண்டியெல்லாம் எனக்காக நின்னுச்சேடி. இவன் நிக்கலையே. போறவன் போகட்டும், அழிச்சுடு."

அவள் அம்மாவின் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினாள். "நான் வண்டிக்குத்தாம்மா நிக்கச் சொல்லிக்குடுத்தேன். அவனுக்கு..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் முடியவில்லை, உடைந்து அழுதாள்.