மூன்றாம் மாடி மடாம்

எனக்கு ஒன்பது வயதில் ஒரு பேயைத் தெரியும். அது பட்டப்பகலில், மொன்ட்ரியால் டவுன்டவுனில், அரசாங்கக் கந்தோர் ஒன்றின் மூன்றாம் மாடியில் வேலை பார்த்தது. நீல நிறக் கோட் போட்டிருந்தது. எங்கள் அப்பாவைக் கனடாவுக்கு எடுத்துத் தரும் பொறுப்பும் அதன் கையில்தான் இருந்தது.

அப்போது நாங்கள் மொன்ட்ரியாலின் வில்லரேப் பகுதியில் மாமாவின் வீட்டில் இருந்தோம். திருகோணமலையிலிருந்து கிளம்பிய மூவரில் அம்மாவும் நானும்தான் வந்து சேர்ந்திருந்தோம். அப்பா ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் மாட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. மாமாவுக்கு உணவகச் சமையலறைக்குத் தேவையான பிரெஞ்சு தெரியும். அதில் பாதி ஏச்சு. ஆகவே பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் படித்திருந்த நான் மொழிபெயர்ப்பாளராகப் பதவியேற்றேன்.

எங்கள் கோப்பைப் பார்த்த மடாம் ஹெயிட்டியில் பிறந்த கறுப்புப் பெண். அந்தப் பிரிவின் தலைமை அதிகாரி தான்தான் என்று அவரே சொன்னார். சொல்லவேண்டித்தான் இருந்தது, ஏனென்றால் அறைக்கதவில் அவர் பெயர் இல்லை. பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் நான்கு துளைகளும், சற்று வெளிறிய ஒரு நீள்சதுரமும் மட்டும் இருந்தன.

எங்களை அழைத்துப் போகும்போது, மேசைகளில் இருந்த மூன்று பேருக்கும் அவர் பொன்ஜூர் சொன்னார். ஒருவரும் நிமிரவில்லை. தட்டச்சு ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் கோப்பைக் கேட்டார். யாரும் அசையாததால் அவரே போய் அலமாரியைத் திறந்து எடுத்துவந்தார். தொலைபேசி அடித்தது. தலைமை அதிகாரி நான்தான் என்றார். சற்றுப் பொறுத்து, நான்தான் என்றார். மறுபடியும் நான்தான் என்றார். பிறகு ரிசீவரை மெதுவாக வைத்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னலோரம் தனி மேசையில் இருந்த வயதான வெள்ளைக்காரர் சும்மா இருமினார். மூன்று தலைகளும் உடனே அவர் பக்கம் திரும்பின.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்துப்போனது தெரியாமல் வழக்கம்போல வேலைக்குப் போய்வருகிறவர்களைப் பற்றி நான் கதை கேட்டிருக்கிறேன். கால் இருக்கிறதா என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். இருந்தது. சப்பாத்தில் பனி உருகி, நிலம் ஈரமாகவும் இருந்தது. அது மட்டும்தான் என்னைக் குழப்பியது.

அம்மாவின் கலியாணப் பதிவுப் பத்திரத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னார் மடாம். பிந்தினால் கோப்பை மூடிவிடுவார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். தன் கையிலேயே தரவேண்டும், வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். அதை ஒரு சொல் தவறாமல் அம்மாவுக்குச் சொன்னேன். வெளியே வந்ததும் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

"அம்மா, அவ செத்துப்போனவ."

அம்மா தலையில் குட்டினார். ஆனாலும் வீட்டுக்கு வந்தவுடன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

மாமா ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பல வருடம் பியோனாக இருந்தவர். அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பது அரசாங்கத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆர் கூப்பிடுகினம் எண்டு பாக்கக்கூடாது, தங்கச்சி. ஆருக்காக மற்றவை எழும்பி நிக்கினம் எண்டு பார். பத்திரத்தை அவற்ர கையில குடு."

கறுப்புப் பொம்பிளைக்கு அவ்வளவு பெரிய அதிகாரிக் கதிரையைக் கொடுப்பார்களா என்றும் கேட்டார். நாங்கள் மட்டும் என்ன நிறம் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை போனோம். ஜன்னலோரத்து வெள்ளைக்காரர் தேநீர் இடைவேளை முடிந்து வந்தபோது ஒரு பெண் எழுந்து அவருடைய கோட்டை வாங்கி மாட்டினாள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் இரண்டு கையாலும் பத்திரத்தை அவரிடம் நீட்டிவிட்டார். அவர் சிரித்துத் தலையாட்டி, வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

திரும்பி நடக்கையில் பின்னாலிருந்து எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி ஒரு குரல் வந்தது. மடாமின் குரல். நடைவழியின் கடைசியில், பெயரில்லாத அந்தக் கதவடியில் அவர் நிற்கிறார் என்று திரும்பாமலே தெரிந்தது. பேய் கூப்பிட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை திரும்பக்கூடாது, அதற்கு மூன்று தரம் கூப்பிட முடியாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். குரல் இரண்டாம் தரமும் வந்தது. நான் மூன்றாவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது வரவில்லை.

"ஆரோ கூப்பிட்டவையோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா. அங்க ஒருத்தரும் இல்லை."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பத்திரம் கிடைக்கவில்லை, கோப்பு மூடப்பட்டது. நான் வாசித்துச் சொன்னதும் அம்மா சமையலறை நிலத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதார். அந்தப் பத்திரத்துக்கு வேறு பிரதி இல்லை. மாமா தபால்காரரைச் சந்தேகப்பட்டார்.

மறுநாளே மடாமிடம் ஓடினோம். யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் விரலால் காட்டினேன். அவர் ஜன்னலோரத்து மேசைக்குப் போய் லாச்சியைத் திறக்கச் சொன்னார். வெள்ளைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மடாமே அதை இழுத்துத் திறந்தார். பழைய பேப்பர்களுக்கு அடியில், அம்மா போட்டிருந்த பிளாஸ்டிக் உறையோடு பத்திரம் இருந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கந்தோரில் தட்டச்சு நின்றதைக் கேட்டேன். மடாம் சத்தம் போடவில்லை. திரும்பி வந்து, புதிய கோப்பொன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். வசந்தத்தில் வரவேண்டிய அப்பா, அடுத்த பனிக்காலமும் முடிந்துதான் வந்தார்.

நாங்கள் புறப்படும்போது அம்மா முன்னால் போய்விட்டார். மடாம் கதவடியில் என்னை நிறுத்தினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"அன்றைக்கு நான் கூப்பிட்டேன். உனக்குக் கேட்டதா?"

கேட்டது என்றேன்.

"இரண்டு தரமுமா?"

இரண்டு தரமும் என்றேன். அவர் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார். பிறகு சிரித்தார். தன் குரல் ஒருவருக்காவது கேட்கிறதென்று தெரிந்தால் பேய்க்குச் சந்தோஷம் வரும்போல என்று முடிவு கட்டிக்கொண்டு, நான் லிஃப்டடியில் நின்ற அம்மாவிடம் ஓடினேன். உயிரோடிருக்கிற ஒருவர், ஒவ்வொரு காலையும் அந்தக் கதவைத் திறந்து உள்ளே வருகிறவர், நான் உண்மையாகவே கூப்பிட்டேனா என்று தன்னிலேயே சந்தேகப்பட்டு ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்பார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.