சுகி பிடுங்கச் சொன்ன வயர்

சுகிக்குட்டி, நீ இறந்துபோய்விட்டாய் என்ற செய்தி வந்தபோது உன் சர்வர் அறையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் கம்பெனி ஆட்கள் உங்கள் எல்லோருக்கும் அவள் சுகந்தி மிஸ், கம்ப்யூட்டர் இன்ஜினியர். எனக்கு என் ஊர் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை.

ஒருநாள் தரை கழுவும் மெஷினின் பிளக்கைக் குத்த இடமில்லாமல் சர்வர் அறையில் ஒரு வயரைப் பிடுங்கினேன். பதுளை, பண்டாரவளை, எல்ல என்று கம்பெனியின் மூன்று கடைகளிலும் பில் அடிப்பது நின்றுபோனது. பயத்தில் திரும்பக் குத்திவிட்டு வெளியே வந்து, வாயே திறக்கவில்லை.

“எவன் செஞ்சது? இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்!” என்று மேனேஜர் கத்தினார். இந்த வேலையில்தான் என் அடுப்பு எரிகிறது. நீ சொன்னாய்: “ஆளைத் தேடாதீங்க சேர். ஒரு வயர் போனா மூணு கடையும் நிக்குதுன்னா, தப்பு நம்ம ஏற்பாட்டுல.”

அதன் பிறகுதான் புது மென்பொருள் வாங்கும் பேச்சு வந்தது. டீ கொண்டுவந்த எனக்கும் விளக்கினாய்.

“ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள பல கம்ப்யூட்டர் குடியிருக்கும்க்கா. தோட்டத்து லயத்துல ஒரே கூரைக்குக் கீழ வரிசையா இருக்குற காம்பரா வீடுக மாதிரி.”

“லயத்துக் கூரையே பறந்துட்டா?”

சிரித்துவிட்டாய். “அதைத்தான் விக்க வர்றவங்ககிட்ட கேக்கணும். கொழுந்து பறிக்க மலைக்கு ஒருத்தி வரலன்னா கங்காணி அவ பறிக்க வேண்டிய நிரையைப் பக்கத்து ஆளுகளுக்குப் பிரிச்சுக் குடுப்பார்ல? ஒரு மெஷின் நின்னா வேலையை அப்படிப் பிரிச்சுக் குடுக்குற மென்பொருள்தான் நமக்கு வேணும்.”

இரண்டு பேர் விற்க வந்தார்கள். திரையில் என்னென்னவோ காட்டினார்கள். நீ என்னைக் கூப்பிட்டாய்.

“அக்கா, ஏதாவது ஒரு வயரைப் புடுங்குங்க.”

“ஐயோ, நானா?”

“உங்க கைதான் ராசி.”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் மென்பொருளுக்கும் ஒவ்வொரு வயரைப் பிடுங்கினேன். முதல் ஆளின் மென்பொருள் நின்றது, நின்றதுதான். அடுத்தவருடையது, நான் பால் இல்லாத ஒரு பிளேன்டி ஊற்றி வருவதற்குள் பக்கத்து மெஷினில் எழுந்துவிட்டது. விலை கூட என்று மேனேஜர் இழுத்தார். நீ விடவில்லை. அதையே வாங்கினோம்.

போன வாரம் மழையில் ஒரு மெஷின் உண்மையாகவே செத்துப்போனது. கடைகளில் யாருக்கும் தெரியவில்லை. பில் வந்துகொண்டே இருந்தது. அந்தத் தைரியத்தில் மேனேஜரிடம் போய், “அன்னைக்கு வயரைப் புடுங்குனது நான்தாங்க சேர்” என்றேன். “சரி, போய் டீ ஊத்துங்க” என்றார்.

எது உடைந்தாலும் முதலில் ஆளைத் தேடக் கூடாது. உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

வயரைப் பிடுங்கியது நான்தான் என்று, நீ இருந்தபோது உன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டேன். என் கைதான் ராசி என்றாயே சுகிக்குட்டி, உனக்கு அப்போதே தெரியுமா?