ஆயிரத்து ஒன்பதாவது நாற்காலி

"நான் சம வரிசையில போட முடியாத எண்ணிக்கை இனிமேதான் பொறக்கணும்!"

விழா மண்டபத்தில் நாற்காலி போடும் நம் வரிசைக்காரர் இந்தப் பிரகடனத்தை வாயில் பாதி டீயோடு வெளியிட்டார். விழுங்கும்வரைகூடப் பொறுக்காத பெருமை அது.

முதலாளியம்மா அடுத்த தெருவில் பெரிய மண்டபம் கட்டி, ஆயிரத்தெட்டு நாற்காலி வாங்கினார். கடைக்காரர் ஒன்றை இலவசமாகத் தந்து தொலைத்தார்.

"ஆயிரத்து ஒன்பதும் சம வரிசையில நிக்கணும். சாயங்காலத்துக்குள்ள யாரு போட்டுக் காட்டுறீங்களோ, புது மண்டபத்துக்கு அவர்தான் மேற்பார்வை."

"அந்த ஓசி சேரை ஓரமா வெச்சிட்டா?" என்றார் வரிசைக்காரர்.

"ஓசியில வந்ததை ஒதுக்கினா அப்புறம் ஓசியே வராதுய்யா."

போட்டிக்கு வந்தவர் வரிசைக்காரரின் மைத்துனர், மைக் கட்டுபவர்.

"மாமா, நீங்க ஒக்காருங்க. இடுப்பு பிடிச்சுக்கும்."

"மாப்ளே, உன் மைக் கத்தாம இருக்கட்டும் முதல்ல."

மைத்துனர் இரண்டு வரிசை போட்டார். ஒரு நாற்காலி மிஞ்சியது. மூன்று போட்டார், ஒன்று. நான்கு, ஆறு, எட்டு. அப்போதும் அதே ஒன்று, கூப்பிடாமல் வந்த விருந்தாளிபோலக் கதவோரம் நின்றது. மேடைப் படியில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்த வரிசைக்காரருக்கு மெல்லச் சிரிப்பு நின்றது. அடுத்த முறை அவருடையது. பதவி ஒரு பக்கம், பிரகடனம் மறு பக்கம்.

"ரெண்டுலயே அடங்காதது நாலுல எப்படி மாப்ளே அடங்கும்? வீணா இழுக்காத."

சாக்பீஸை எடுத்துத் தரையில் வகுக்கத் தொடங்கினார். ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று... எதிலும் ஏதாவது மிஞ்சியது. முப்பத்தொன்றில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெற்றிவீரராக எழுந்தார்.

"அம்மா, இது யாராலயும் முடியாது."

"முப்பத்திரண்டு வரிசை போட்டுப் பார்த்தியா?"

"முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டுன்னா ஆயிரத்து இருபத்துநாலு ஆயிடும். நம்மகிட்ட அவ்வளவு இல்ல. வரிசை முப்பத்திரண்டோ அதுக்கு மேலயோ போனா, ஒவ்வொண்ணுலயும் சேர் முப்பத்தொண்ணுக்குள்ளதான் இருக்கும். பக்கவாட்டுக் கதவுல நின்னு பாருங்க. நான் ஏற்கெனவே பார்த்த வரிசைதான் திரும்பி நிக்கும்!"

நாற்காலி போட்டவருக்குத்தான் தெரியும், மண்டபத்துக்கு இரண்டு பக்கம் உண்டென்று.

"ஒரே வரிசையா?"

"போடலாம்மா. கடைசி ஆளு பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து கைதட்டுவாரு."

"சரி, இன்னும் நாலு வாங்கிடறேன்."

மறுபடி குனிந்தார், சாக்பீஸ் தேய்ந்தது. "வேண்டாம்மா. ஆயிரத்துப் பதிமூணும் இதே மாதிரி அடங்காப்பிடாரி."

கணக்கு வாத்தியார்கள் இவ்வகை எண்களைப் பகா எண் என்று மரியாதையாக அழைக்கிறார்கள். அவர்கள் நாற்காலி இழுத்ததில்லை.

"அப்ப மேற்பார்வை யாருக்கு?"

தரையில் மல்லாந்திருந்த மைத்துனர் கையை மட்டும் தூக்கினார். "மாமாவுக்கே குடுத்துடுங்க. அவர் நிறுத்தலன்னா நான் ஐந்நூறு வரைக்கும் இழுத்திருப்பேன்." முதலாளியம்மா சரியென்று தலையாட்டினார்.

மாமனும் மைத்துனனும் சேர்ந்து, வரிசைக்கு முப்பத்தாறாக இருபத்தெட்டு வரிசை போட்டார்கள். நூல் பிடித்தாற்போல் நின்றன.

"அந்த ஓசி சேரு?"

"மேற்பார்வைக்காரன் நின்னுக்கிட்டேவாம்மா பார்ப்பான்?"

அதைப் பக்கவாட்டுக் கதவருகே, எந்த வரிசையிலும் சேராமல் போட்டு, அதில் அமர்ந்தார். டீ வந்தது. முழுதாக விழுங்கும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. விழுங்கிய பிறகும்தான்.